பழைய ஜீப்பும் மாற்று எஞ்சினும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் வைத்துக்கொண்டு, கிழக்கே சோழபுரம் பக்கத்துக் கரிசலில் பருத்தியோ மக்காச்சோளமோ விதைத்துப் பிழைக்கிற குடும்பங்களுக்கு, ஒரே நாளில் உருளைக்கல் நிறைந்த ஓடையையும், மழை பெய்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாத கரிசல் மண்ணையும், ஆலை லாரிகள் ஓடுகிற தார்ச்சாலையையும் கடக்கக்கூடிய வாகனம் என்று நெடுங்காலமாக இருந்து வந்தது ஜீப் ஒன்றுதான். அத்தகைய ஜீப் ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. என் தகப்பனார் காலத்தில் வாங்கிய பெட்ரோல் வண்டியான அதற்கு, 1990களின் நடுவில் டீசல் எஞ்சின் பொருத்தினோம். அது இன்றளவும் தோட்டத்து வேலைக்குப் போய் வருகிறது. இவ்விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்டு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் எந்த எஞ்சின் நல்லது என்ற ஒரே கேள்வியோடு வருகிறார்கள். அக்கேள்விக்கு முன்னே கேட்டறிய வேண்டிய கேள்விகள் அநேகம் இருக்கின்றன என்ற எண்ணமே இதை எழுதத் தூண்டிற்று.

முதலில் வண்டியின் பூர்வோத்தரத்தை அறிந்துகொள்வது அவசியம். அமெரிக்க வில்லிஸ் கம்பெனி 1953-ல் வெளியிட்ட சி.ஜே. 3பி என்ற மாதிரியை, சுதந்திரத்துக்குப் பிறகு ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியிருந்த மகிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று இந்நாட்டிலேயே தயாரித்தது. தாய்நாட்டில் அந்த மாதிரி 1968-ல் நின்றுபோன பிறகும் இங்கே அதன் பரம்பரை நீடித்தது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 80 அங்குலம். உள்ளே ஹரிக்கேன் என்ற பெயருடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதில் காற்று உள்ளே வரும் வால்வு தலையிலும், புகை வெளியேறும் வால்வு பிளாக்கின் பக்கவாட்டிலும் அமைந்திருக்கும். இந்த அமைப்பினால் எஞ்சின் முந்தியதைவிட உயரமாகிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கவே பானெட்டை உயர்த்தினார்கள். 2,199 சி.சி. கொள்ளளவும், நிமிடத்துக்கு 4,000 சுற்றில் சுமார் 72 குதிரைத்திறனும், 2,000 சுற்றிலேயே ஏறத்தாழ 15½ கிலோகிராம்-மீட்டர் இழுவையும் உடையது. பிஸ்டனின் விட்டத்தைவிட அது ஏறியிறங்கும் தூரம் மிகுதியாக இருப்பதால், வேகத்துக்கன்றி இழுவைக்கென்றே பிறந்த எஞ்சின் அது. பெட்ரோலை அது குடிக்கும் அளவு மட்டுமே சிறு விவசாயிக்குத் தாங்காத விஷயம்.

ஆகையால், எஞ்சின் புகைகிறது, இழுக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் அதைக் கழற்றி எறிய நினைப்பவரை நான் தடுக்கவே முற்படுவேன். பல்லாண்டுகள் இந்நாட்டிலேயே ஓடிய எஞ்சின் ஆதலால் அதற்குரிய பிஸ்டன், ரிங், பேரிங் முதலியன தேடினால் கிடைக்கின்றன. போர் போட்டு, கிராங்கைக் கடைந்து, வால்வு சீட்டிங்கைப் புதுப்பித்தால் மறுபடியும் ஒரு தலைமுறை உழைக்கும். வண்டி அதன் மூலப்பிரகிருதியோடு இருப்பதில் உள்ள சந்தோஷமும், சட்டச் சிக்கல் இல்லாத நிம்மதியும் அதனால் கிட்டும். எங்கள் வண்டியின் நிலை வேறு: புகை வால்வின் சீட்டிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே பிளாக் விரிந்துவிட்டது. இவ்வகை எஞ்சினில் அதிக வெப்பத்தைத் தாங்குகிற இடம் அதுவே. ஏற்கெனவே ஒரு முறை ஒட்டவைத்திருந்த அந்த விரிசல் மீண்டும் திறந்துகொண்டு, தண்ணீர் சிலிண்டரில் இறங்கத் தொடங்கிய பின்னரே மாற்று எஞ்சினைப் பற்றிய பேச்சு எழுந்தது.

பேச்சு எழுந்த மாத்திரத்தில் அபிப்பிராயங்கள் குவிந்தன. டிராக்டர் எஞ்சினைப் போட்டால் மலையையே இழுக்கும் என்றார் ஒருவர். மெட்டடார் வேனின் எஞ்சினுக்கு நிகர் இல்லை என்றார் மற்றொருவர். அம்பாசடரில் வந்த இசுசு டீசல் சத்தமின்றி ஓடும் என்று இன்னொருவர் சிபாரிசு செய்தார். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவர்கள் எல்லாரும் எஞ்சினின் குணத்தையே பேசினார்களேயொழிய, அந்த எஞ்சின் வந்து சேரப்போகும் கியர் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், கிரவுன், அச்சு ஆகியவற்றின் குணத்தைப் பேசவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சி.ஜே. 3பி வண்டியின் கிரவுன் விகிதம் 5.38, அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். மேல் கியரில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 16 அங்குல ரிம்மில் மாட்டிய பழைய டயரின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர். பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றுக்குப் போனால் வண்டி மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதே வண்டியில் 2,000 சுற்றுக்கு மேல் போக விரும்பாத டிராக்டர் எஞ்சினைப் பொருத்தினால் 50 கிலோமீட்டரோடு வண்டி நின்றுவிடும். அதற்கு மேல் எஞ்சின் அலறுமேயன்றி வண்டி ஓடாது. இழுவை எவ்வளவு இருந்தும், ஸ்ரீவில்லிபுத்தூர் நெடுஞ்சாலையில் பின்னால் வருகிற பேருந்துகளுக்கெல்லாம் அது இடையூறாக முடியும். கிரவுனை 4.88 அல்லது 4.27 விகிதத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாற்றலாம்; ஆனால் பின்னச்சில் மாற்றுகிற அதே விகிதத்தை முன்னச்சிலும் மாற்றித் தீரவேண்டும். முன்னும் பின்னும் விகிதம் வேறுபட்ட வண்டியில் நான்கு சக்கர இணைப்பைப் போட்ட கணமே முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் ஓட முயன்று, ஏதேனும் ஒரு பல்லையோ ஷாஃப்டையோ முறித்துவிட்டே ஓயும். அதற்கு ஆகும் செலவு எஞ்சினின் விலையை எட்டிவிடக்கூடும்.

மற்றொரு கணக்கு இழுவையைப் பற்றியது. மூன்று கியர் பெட்டியின் முதல் கியர் 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்ந்த நிலை 2.46, கிரவுன் 5.38. இவற்றைப் பெருக்கினால் 37 வருகிறது. எஞ்சின் தருகிற இழுவை 37 மடங்காகி அச்சுக்குப் போய்ச் சேருகிறது என்பது இதன் தாத்பரியம். ஹரிக்கேனைவிடப் பாதி மடங்கு அதிக இழுவையுள்ள எஞ்சினை வைத்தால், அந்த அதிகப்படியும் வழியில் பெருகி, பழைய காலத்து டிரான்ஸ்ஃபர் கேஸின் நடுப்பல்லின் மீதும், 37 மடங்காக அச்சுகளின் மீதும் விழுகிறது. உலகம் முழுவதும் இதே கதைதான். இங்கிலாந்தில் பழைய லேண்ட் ரோவர்களில் பிற்காலத்து டிஸ்கவரியின் 2,495 சி.சி. டர்போ டீசலைப் பொருத்துவோரும், அமெரிக்காவில் டொயோட்டா லேண்ட் குரூசரில் எட்டு சிலிண்டர் செவர்லே எஞ்சினை இறக்குவோரும், எஞ்சின் வேலை முடிந்தபின் அச்சு, கிளட்ச், பிரேக் என்று வரிசையாகச் செலவழிக்க நேர்வதைச் சொல்லியிருக்கிறார்கள். பழைய லேண்ட் ரோவரின் பின் அரைஅச்சு முறிவது இங்கிலாந்தில் பிரசித்தம்.

இக்காரணங்களால், வரப்போகும் எஞ்சின் போன எஞ்சினைவிடப் பலமுள்ளதாக இருக்கவேண்டும் என்ற ஆசையை நான் விட்டொழித்தேன். சுழற்சி வேகத்திலும் இழுவையிலும் பழையதை ஒத்ததாக, கூடுமானால் ஒரு படி மிதமானதாக இருக்கவேண்டும் என்பதே என் தீர்மானமாயிற்று. அந்த அளவுகோலுக்குச் சரியாக வந்தது மகிந்திராவின் பெஜோ டீசல். பிரெஞ்சுக் கம்பெனியான பெஜோவின் எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சினைத் தயாரிக்க மகிந்திரா 1979-ல் உரிமம் பெற்றது; அதுவே பிறகு எம்.எம். 540 ஜீப்பில் வந்தது. 2,112 சி.சி.; 4,500 சுற்றில் 62 குதிரைத்திறன்; இழுவை ஏறக்குறைய 12 கிலோகிராம்-மீட்டர். டீசல் என்றாலே பெட்ரோலைவிட இழுக்கும் என்று நம்பியிருப்பவர்கள் இந்த எண்ணை மீண்டும் ஒரு முறை படிக்கவேண்டும்: பழைய ஹரிக்கேனின் இழுவையைவிட இது குறைவு. அப்படியிருந்தும் ஓடைக் கற்களின்மேல் டீசல் ஜீப் நிதானமாக ஏறுவது எதனால் என்றால், டீசல் பம்பின் உள்ளே இருக்கிற கவர்னர்தான் காரணம். சக்கரம் கல்லில் முட்டிச் சுமை கூடும்போது, ஓட்டுநர் காலை அசைக்காமலே அது டீசலைக் கூட்டிக் கொடுத்து எஞ்சினை அணைந்துபோகாமல் காக்கிறது. அத்துடன், நான்கு கியர் பெட்டியின் முதல் கியர் பழைய பெட்டியின் முதல் கியரைவிடத் தாழ்ந்ததாதலால் எஞ்சினில் குறைந்த இழுவை கியரில் திரும்பக் கிடைக்கிறது. அதிகச் சுற்றுக்கும் தயங்காத டீசல் ஆகையால் 5.38 கிரவுனை மாற்றவேண்டிய அவசியமே எழவில்லை.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. எஞ்சின், பெல் ஹவுசிங், கிளட்ச், கியர் பெட்டி ஆகிய நான்கையும் ஒரே வண்டியிலிருந்து ஒரே தொகுதியாக வாங்கிவிட்டால், இவை ஒன்றோடொன்று பொருந்துமா என்ற ஆராய்ச்சியைத் தொழிற்சாலையே நமக்கு முன்னதாகச் செய்து முடித்திருக்கும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தைகளில் எஞ்சின் தனியாகவும் பெட்டி தனியாகவும் மலிவாகக் கிடைக்கும். அந்த மலிவு லேத் பட்டறையில் கரைந்துபோகும் என்பதே நான் கண்டது. எங்கே வாங்கினாலும், எஞ்சின் எண் குறிப்பிட்ட பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் பத்திர நகலும் இல்லாமல் காசை நீட்டக் கூடாது.

தொகுதி வந்து இறங்கியதும் நான் ஆவலோடு அதன்மேல் கண்வைத்து நிற்க, எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “தம்பி, எஞ்சின் ரெண்டாவது. மொதல்ல சேஸைக் கழுவிக் கொண்டாங்க” என்றார். மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் கொண்டு தேய்த்து, பல ஆண்டுக் கிரீஸும் மண்ணும் நீங்கிய பிறகு, சுத்தியலால் ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பில் கணீரென்று வந்த ஓசை, முன் ஸ்பிரிங் தாங்கிக்குச் சற்றுப் பின்னே வந்தபோது மந்தமாயிற்று. அங்கே உள்புறத்தில் துரு இரும்பைத் தின்று தகடாக்கியிருந்தது. அதை ஒட்டி, பெட்ரோல் எஞ்சினின் பழைய மவுண்டிங் ரிவிட்டிலிருந்து மயிரிழை போன்ற ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. பெட்ரோல் எஞ்சினின் அழுத்த விகிதம் 7-ஐ ஒட்டியது. பெஜோவினுடையதோ 22-ஐ ஒட்டியது. ஒவ்வொரு வெடிப்பும் சேஸில் கொடுக்கிற உதறலும் அதற்கேற்ப மிகுதி. அந்த விரிசலை அப்படியே விட்டு எஞ்சினை ஏற்றியிருந்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கியிராது. விரிசலின் முனையில் துளையிட்டு, அது மேற்கொண்டு ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்து, மேலே கனமான பட்டையைச் சேர்த்த பின்னரே அண்ணாச்சி எஞ்சினுக்கு மரியாதை செய்தார். பட்டையின் ஓரங்களைச் சேஸுக்குக் குறுக்கே நேர்கோடாகப் பற்றவைக்காமல், மீன்வால் போலச் சாய்வாக வெட்டிப் பற்றவைக்கவேண்டும். குறுக்குக்கோடாக வைத்த வெல்டிங்கின் விளிம்பிலேயே மறு விரிசல் பிறக்கும்.

எஞ்சினை முதன்முறை சேஸில் இறக்கிப் பார்க்கும்போது, உள்ளே பிஸ்டனும் தலையும் இல்லாத வெற்றுப் பிளாக்காக, ஆனால் சம்ப், பம்ப், மேனிஃபோல்ட் ஆகிய வெளி உறுப்புகளை மாட்டி இறக்குவது உசிதம். பாரம் குறைவாக இருப்பதால் பத்து முறை ஏற்றி இறக்கினாலும் யாருக்கும் கை வலிக்காது. பார்க்கவேண்டியவை இவை: ஜீப்பின் முன்னச்சு எஞ்சினுக்கு நேர் கீழே ஓடுகிறது, அதன் கிரவுன் உருண்டை நடுவில் இல்லாமல் வலப்பக்கம், அதாவது நம் நாட்டில் ஓட்டுநர் பக்கம், ஒதுங்கியிருக்கிறது. எண்ணெய்ச் சம்பின் ஆழமான பகுதி பின்பக்கம் இருக்கிற எஞ்சினே இதற்கு ஏற்றது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது சம்புக்கும் அச்சுக்கும் இடையே நாலு விரல் இடம் தெரிகிறதே என்று திருப்தியடையக் கூடாது. ஸ்பிரிங் முழுவதும் அமுங்கி அச்சு ரப்பர் தடுப்பில் போய் மோதுகிற நிலையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. ஜாக்கியால் அச்சை ஒரு பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்தால் அது விளங்கும். சம்பை வெட்டி மாற்றவேண்டி வந்தால், உள்ளே எண்ணெயை உறிஞ்சுகிற குழாயையும் அதற்கேற்ப நீட்டவேண்டும். மறந்தால் மலைச்சரிவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிக் குழாய் காற்றை உறிஞ்சும். அடுத்தது ஸ்டீயரிங். வலப்பக்க ஸ்டீயரிங் பெட்டிக்கும் தண்டுக்கும் எதிரே மேனிஃபோல்டோ டீசல் பம்போ வந்து முட்டுகிறதா என்பதை, சக்கரத்தை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, எஞ்சினைக் கடப்பாரையால் நெம்பி ஆட்டியும் பார்க்கவேண்டும்.

தொகுதியாக வாங்காமல், வேறு கம்பெனி எஞ்சினைப் பழைய கியர் பெட்டியோடு சேர்க்க விரும்புகிறவர்களுக்கு இடைத்தட்டு ஒன்று கடையவேண்டிவரும். சிவகிரிப் பக்கத்து நண்பர் ஒருவர் மெட்டடார் எஞ்சினுக்கு அப்படிச் செய்துகொண்டபோது நான் உடனிருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு நன்மை: நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து பழகிய கடைசல்காரர்கள் இருக்கிறார்கள், நூற்புக் கதிரின் நுட்பத்தை அறிந்த கைகளுக்கு அளவின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கனத்த இரும்புத் தட்டை அறுத்து, இரு பக்கத்துத் துளைகளையும் குறித்து, பெல் ஹவுசிங்கோடு சேர்த்து மாட்டிய பிறகு, அந்தக் கடைசல்காரர் கிராங்கின் முனையில் டயல் கேஜைப் பொருத்தினார். அதன் முள்முனை ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்க, கிராங்கைக் கையால் மெல்லச் சுழற்றினார். முள் பன்னிரண்டு தவு வரைக்கும் போய்த் திரும்பிற்று. ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் ஒரு பாகம் ஒரு தவு. இந்த வேலையில் ஐந்து தவுக்கு மேல் விலகல் இருக்கலாகாது. தட்டைத் தளர்த்தி, செப்புச் சுத்தியலால் ஒரு தட்டு, மீண்டும் இறுக்கம், மீண்டும் சுழற்றல் என்று மாலை வரைக்கும் நடந்தது. முள் நான்கு தவுக்குள் அடங்கியதும், அதே நிலையில் தட்டையும் பிளாக்கையும் சேர்த்துத் துளையிட்டு, நிலைக்குறி முளைகளை அடித்து இறக்கினார். போல்ட் எத்தனை இறுகினாலும் அவை அமுக்கிப் பிடிக்குமேயொழிய நடுமையத்தைக் காக்க முடியாது. காப்பவை இந்த முளைகளே. இவை இல்லாத தட்டோடு ஓடும் வண்டிகளில் கிளட்ச் பிளேட்டின் நடு உடைவதும், கியர் பெட்டியின் முன் பேரிங் கத்துவதும், கியர் தானாக நழுவுவதும் வழக்கம். நோய் கிளட்சில் இருப்பதாக எண்ணி அதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

எஞ்சினை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு ஜீப்பின் பின் புரொப்பல்லர் ஷாஃப்டே விடை சொல்லும். 80 அங்குல வண்டியில் அது மிகவும் குட்டையானது; டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டு அங்குலம் பின்னே தள்ளிப்போனாலும் ஷாஃப்டின் சாய்வு கூடி, ஜாயின்டுகள் விரைவில் தேய்ந்து அதிரத் தொடங்கும். அதனால் டிரான்ஸ்ஃபர் கேஸை அதன் பழைய இடத்திலேயே நிலைநிறுத்திக்கொண்டு, மற்ற அனைத்தையும் அதற்கு முன்னே அமைக்கவேண்டும். அதன் வெளித்தண்டும் பின்னச்சின் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருப்பதைச் சாய்வுமானியால் சரிபார்த்துவிட்டே மவுண்டிங்குகளைப் பற்றவைக்கவேண்டும். முன்னே இடம் போதவில்லை என்றால் ரேடியேட்டரை நகர்த்துவது சுலபம்.

ரேடியேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில், தாழ்ந்த கியரில் நடைவேகத்தில் ஓடையில் ஏறுகிற வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதாது. விசிறி இழுத்துக் கொடுப்பதே காற்று. புது எஞ்சினின் விசிறி ரேடியேட்டரின் நடுவுக்கு நேரே அமையாமல் கீழே தாழ்ந்துவிட்டால் மேல்பாதி வீணாகிறது. விசிறியைச் சுற்றித் தகரக் கூடு ஒன்று கட்டினோம். அதன் பிறகே ஆறாம் மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகும் பாதையில் நடுப்பகலிலும் வெப்பமானியின் முள் நிலைத்து நின்றது.

பெட்ரோலிலிருந்து டீசலுக்கு மாறும்போது கண்ணுக்குப் படாமல் போகும் சில்லறை விஷயங்கள் உண்டு. பம்பும் நோசிலும் மிச்சப்படுத்துகிற டீசலைத் தொட்டிக்குத் திருப்பியனுப்பத் தனிக் குழாய் வேண்டும். பழைய தொட்டியில் அதற்கு வாய் இராது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள அந்தத் தொட்டியில் வருஷக்கணக்காகப் படிந்த பிசினை டீசல் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரை அடைக்குமாதலால், தொட்டியை முதலிலேயே கழற்றிச் சுத்தம் செய்வது நலம். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் எஞ்சின் நிற்கும். டீசலுக்கோ பம்பை அடைக்கிற கம்பியோ சோலினாய்டோ வேண்டும். ஆதி ஜீப்புகளில் மழைத் துடைப்பான் எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கிற்று. பெட்ரோல் எஞ்சினின் திராட்டிலால் உண்டாகிற அந்த உறிஞ்சு விசை டீசலில் இல்லை. ஐப்பசி மழையில் துடைப்பான் அசையாமல் நிற்கையில்தான் பலருக்கு இது தெரியவருகிறது. ஆகவே மின்சார மோட்டார் துடைப்பானுக்கு மாறவேண்டும். பிரேக்குக்கு பூஸ்டர் வைக்க நினைப்பவர்களும் இதே காரணத்தால் உறிஞ்சு பம்போடு கூடிய ஆல்டர்னேட்டரைத் தேடவேண்டும். மிகப் பழைய வண்டிகளின் 6 வோல்ட் மின்சாரம் டீசலின் ஸ்டார்ட்டருக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் போதாது. 12 வோல்ட்டுக்கு மாற்றி, கனத்த பாட்டரியும் கனத்த கம்பியும் போடுதல் இன்றியமையாதது.

பிரேக்கை அலட்சியம் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆதி ஜீப்பின் பிரேக் டிரம் 9 அங்குலம். டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சினைவிடக் கனமானது. அந்தக் கனம் முழுவதும் முன்பக்கம் இருக்கிறது. முன் ஸ்பிரிங்கில் பட்டை சேர்ப்பதற்கு முன்னால், பிற்கால மகிந்திரா வண்டிகளில் வந்த பெரிய டிரம்மையோ, டிஸ்க்கையோ பொருத்துவது முறை. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ஏறி இறங்குகிற தேனிச் சீமையின் ஜீப்காரர்களைக் கேட்டால், மலை ஏறுவதற்கு எஞ்சினும் இறங்குவதற்குப் பிரேக்கும் சமமாக வேண்டும் என்பதை அவர்கள் நன்றாக விளக்குவார்கள். கனத்தைப் பற்றிய எச்சரிக்கை கரிசல்காட்டுக்கு இன்னும் பொருந்தும். ஈரக் கரிசலில் முன்சக்கரம் ஆழப் பதிந்த வண்டியை நான்கு சக்கர இணைப்பும் மீட்பதில்லை. முன்னே கனம் ஏறிய வண்டி, ஏறாத வண்டி போகிற இடத்திலும் புதையும். மழை விட்டு மறுநாள் வெயில் காயும்வரை வயல் பாதையில் எங்கள் ஜீப்பை நான் இறக்குவதில்லை.

எல்லாம் பூட்டி முடிந்த பின் உடனே மலைப்பாதைக்குப் போகாமல், ஒரு மாத காலம் சோழபுரம், சேத்தூர், தேவதானம் என்று சமதளத்திலேயே ஓட்டினோம். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மவுண்டிங் போல்ட்டுகள், ஷாஃப்ட் போல்ட்டுகள், சைலன்சர் தாங்கிகள் ஆகிய யாவும் ஒரு முறை தளரும். அவற்றைக் குளிர்ந்த நிலையில் இறுக்கிக்கொண்டே வரவேண்டும். ஜீப்பின் கியர் பெட்டியிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எண்ணெய் கசிந்து நகர்வது பழைய வியாதி. ஒன்றில் குறைந்து மற்றொன்றில் கூடியிருக்கும். இரண்டின் மட்டத்தையும் சேர்த்தே பார்க்காதவர்கள் கியர் பெட்டியை வறண்ட நிலையில் ஓட்டுவார்கள். சோதனை ஓட்டம் என்ற பெயரில் காட்டுக்குள் வண்டியை விடுகிற வழக்கத்தையும் நான் கண்டிக்கவேண்டியிருக்கிறது. செண்பகத்தோப்புப் பக்கத்து மலைக்காடு 1988 முதல் சாம்பல்நிற அணில்களின் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. அனுமதியின்றி அங்கே சக்கரம் பதிப்பது சட்டப்படியும் தர்மப்படியும் தகாது. சொந்தத் தோட்டத்து ஓடையே சோதனைக்குப் போதும்.

சட்டத்தைக் கடைசியில் எழுதினாலும், செய்யவேண்டிய வரிசையில் அது முதலாவது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் ஆதியில் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் முரணாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தந்திருத்தமாக உறுதிசெய்தது. எங்கள் வண்டிக்கு அன்று முறைப்படி விண்ணப்பித்து, ஆய்வாளர் பார்வையிட்டு, எரிபொருளும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் ஏறின. இன்று நிலைமை கடுமையாகிவிட்டது. ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகை எஞ்சினை மாற்றுவதற்கும், வேறு எரிபொருள் எஞ்சினை ஏற்றுவதற்கும் அதிகாரிகள் காட்டுகிற வித்தியாசம் பெரிது. ஆகையால் எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெறவேண்டும். பதினைந்து வருஷம் கடந்த சொந்த வாகனத்துக்கு ஐந்து வருஷத்துக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்கும்போது எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். புத்தகத்தில் ஏறாத எஞ்சின் அன்று வெளிப்படும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுவாகவே இருக்கும்.

கழற்றிய ஹரிக்கேனை இரும்புக்கடைக்கு எடைபோட்டு விற்கச் சொன்னவர்கள் உண்டு, நான் விற்கவில்லை. அசல் எஞ்சினும் அதன் எண்ணும் கைவசம் இருக்கிற பழைய ஜீப்புக்கு மதிப்பு வேறு. விரிந்த பிளாக்கைத் தைத்துக் கொடுக்கிற கைகளும் இன்று கூடியிருக்கின்றன. அப்படி வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, பிளக் துளை வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எஞ்சின் எண்ணெயை விட்டு, மேனிஃபோல்டின் வாய்களை எண்ணெய்த் துணியால் அடைத்து, மண்தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின்மேல் நிறுத்தி, மாதத்துக்கு ஒரு முறை கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால், பிஸ்டன்கள் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கும். சுற்றி முடித்ததும் கிராங்க் முந்திய மாதம் நின்ற நிலையிலேயே நில்லாமல், கால் சுற்றாவது தள்ளி நிற்கும்படி விடவேண்டும். ரிங்குகள் ஒரே இடத்தில் படிந்து சுவரில் துருக்கோடு விழாமல் இருக்க அது உதவும்.